ரோமானியக் கோட்டைக்கு வெளியே இருந்தது சாராயக்கடைத் தெரு மட்டும்தானா?

இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி:
ரோமானியப் படை முகாம்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களைப் பற்றிப் பெரிதாக எழுதுகிறார்கள். எனக்குப் புரியவில்லை. சம்பளம் வாங்கும் ஆண்கள் ஐந்நூறு பேர் ஓரிடத்தில் இருந்தால் நாலு சாராயக்கடையும் சூதாட்டமும் தாசி வீடும் வரத்தான் செய்யும். கோட்டை போனால் அதுவும் போய்விடும். இதில் ஆராய என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 2, இரவு

இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். துணைப்படை என்றால் பெரும்பாலும் ரோமானியக் குடியுரிமை இல்லாதவர்களைச் சேர்த்த படை. அதன் பிரிவு ஒன்றில் பெயரளவில் ஐந்நூறு பேர், சிலவற்றில் ஆயிரம். ஒருவர் 25 வருஷம் சேவை செய்ய வேண்டும். இருபது வயதில் சேர்ந்தவன் வெளியே வரும்போது நாற்பத்தைந்து. வாழ்க்கை முழுக்க ஒரே வேலை. அப்படிப்பட்டவனுக்குக் குடிக்க இடம் மட்டும் போதுமா? செருப்புத் தைக்க ஆள் வேண்டும். கத்தி தீட்ட, துணி வாங்க, கடன் கேட்க, சாமி கும்பிட, வீடு என்று ஒன்றுக்குப் போக இடம் வேண்டும். அவை எல்லாம் சேர்ந்ததுதான் கோட்டை வாசலில் முளைத்த ஊர். துணைப்படைக் கோட்டைக்கு வெளியே இருந்தால் அதை வீக்கஸ் என்கிறார்கள். லீஜியன், அதாவது குடிமக்களைக் கொண்ட முதன்மைப் படை, இருந்த பெரிய கோட்டைக்கு வெளியே என்றால் கனாபே.

சட்டப்படி படைவீரன் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. கி.பி. 197-இல் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் இந்த விதியைத் தளர்த்தினார். அதற்குப் பிறகுதான் குடும்பங்கள் கோட்டைப் பக்கம் வந்திருக்கும்.

சிறிய கடைத்தெரு என்றும் நினைக்காதீர்கள். ரைன் ஆற்றங்கரையில், இன்றைய ஸாண்டன் அருகே, வெட்டெரா என்ற முகாமுக்குப் பக்கத்தில் ஒரு நகரம் போலவே வளர்ந்திருந்த குடியிருப்பை கி.பி. 69-இல் படாவியர் என்ற ரைன் பகுதி இனத்தவர் கலகம் செய்தபோது இடித்துத் தள்ளினார்கள். இடிக்கிற அளவுக்கு அங்கே கட்டடங்கள் இருந்தன.

ஆகஸ்ட் 3

காலையில் ஒன்று தோன்றியது. வீக்கஸ், கனாபே என்று வாயில் நுழையாத சொற்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். நம்மிடம் பேட்டை இருக்கிறதே! கோட்டைக்கு வெளியே சந்தையும் தொழிலுமாக வளர்கிற குடியிருப்புக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. இனிமேல் பேட்டை என்றே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 7

நான் இருப்பது வட இங்கிலாந்தில், நியூகாசிலில். ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு விண்டோலாண்டா என்ற பழைய ரோமானியக் கோட்டைக்குப் போய்வந்தேன். இந்த இழைக்காகவே போனேன் என்றும் சொல்லலாம். ஹெக்ஸமில் இறங்கினால் ஏடி122 என்று ஒரு பேருந்து, ரோமானியர் எல்லையில் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டியே ஓடும். சுவர் கட்டத் தொடங்கிய வருஷத்தைத்தான் பேருந்துக்கு எண்ணாக வைத்திருக்கிறார்கள். மகள் அதைக் கண்டுபிடித்ததும் வழி நெடுக அதே பேச்சு.

விண்டோலாண்டா சுவரைவிட மூத்தது. முதல் கோட்டை கி.பி. 85 வாக்கில் மரத்தில் கட்டப்பட்டது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று மாறி மாறிக் கட்டினார்கள். பழைய மரக் கட்டடத்தை இடித்து, களிமண்ணும் புல்தரைக் கட்டிகளும் போட்டு மூடி, மேலே புதியதை எழுப்புவார்கள். அடியில் காற்றுப் போகாது. அதனால்தான் மற்ற இடங்களில் மக்கிப்போகும் மரம், தோல், துணி எல்லாம் இங்கே அப்படியே கிடைக்கின்றன.

மேற்கு வாசலுக்கு வெளியே நடந்தால் பேட்டைத் தெரு. இப்போது தெரிவது பெரும்பாலும் மூன்றாம் நூற்றாண்டுக் கல் அடித்தளங்கள். வீடுகளின் அமைப்பைப் பார்த்ததும் எனக்கு நம்மூர்க் கடைத்தெரு நினைவுக்கு வந்தது. முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். முன்கட்டில் கடையோ பட்டறையோ, பின்கட்டில் குடித்தனம். தெருவைப் பார்த்த இடத்துக்கு எல்லோருக்கும் ஆசை இருந்தால் வீடுகள் இப்படித்தான் ஒன்றையொன்று ஒட்டி நீளும். படைவீரர் குளிக்கும் வெந்நீர்க் குளியல் கூடமும் கோட்டைக்குள் இல்லை, இந்தப் பக்கம்தான் இருக்கிறது. சிப்பாய் தினமும் வாசலைத் தாண்டி வந்தாக வேண்டும்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு பதில் இங்கேயே கிடைத்தது. 1914-இல் இங்கே ஒரு பலிபீடக் கல் கிடைத்திருக்கிறது. பேரரசர் குடும்பத்தின் நலனுக்காக, வல்கன் சாமிக்கு, விண்டோலாண்டாப் பேட்டைக்காரர்கள் வைத்த கல். வல்கன் நெருப்புக்கும் கொல்லுப்பட்டறைக்கும் உரிய சாமி. ஊர்ப் பெயரால், ஒருவரைப் பொறுப்பில் வைத்து, செலவு செய்து கல் நட்டிருக்கிறார்கள். சாராயக்கடைக் கும்பல் இதைச் செய்யாது. ஊர்க்கூட்டம் என்று ஒன்று இருந்திருக்கிறது.

கடைசிப் பேருந்தை விட்டுவிட்டோம். அது வேறு கதை.

ஆகஸ்ட் 8

முதல் நாள் நான் எழுதியதில் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. 197-க்குப் பிறகுதான் குடும்பங்கள் வந்திருக்கும் என்றேன். அருங்காட்சியகத்தில் செருப்பு வைத்திருக்கும் கண்ணாடி அலமாரி முன்னால் நின்றபோதே அது தவறு என்று தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து படித்ததும் உறுதியாயிற்று.

விண்டோலாண்டாவில் இதுவரை 5,000-க்கும் மேற்பட்ட செருப்புகள் கிடைத்திருக்கின்றன. கறுத்துப்போன தோல், அடியில் இரும்பு ஆணிகள் வரிசையாக. ஆண்கள் அளவு, பெண்கள் அளவு, நடக்கப் பழகும் குழந்தையின் அளவு என்று எல்லாமே இருக்கின்றன. என் மகள் தன் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து ஒரு செருப்பை அளந்து பார்த்தாள். அவளுடைய கையைவிடச் சிறியது.

இந்தச் சின்னச் செருப்புகள் பேட்டையில் மட்டும் கிடைக்கவில்லை. கோட்டைக்குள்ளும் கிடைத்தன. தளபதியின் வீட்டில் கிடைத்தால் ஆச்சரியமில்லை, அவருக்குக் குடும்பத்தோடு இருக்க அனுமதி உண்டு. ஆனால் சாதாரணப் படைவீரர்கள் தங்கிய கட்டடங்களிலும் கிடைத்தன. அதுவும் கி.பி. 100-ஐ ஒட்டிய மண்ணடுக்குகளில், செவெரஸ் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே!

அப்படியானால் சட்டம்? சட்டம் கல்யாணத்தை ஏற்கவில்லை, அவ்வளவுதான். சேர்ந்து வாழ்வதை யாரும் நிறுத்தவில்லை. அரசுக்கும் இது நன்றாகத் தெரியும். 25 வருஷம் முடித்தவனுக்குக் குடியுரிமை கொடுக்கும் வெண்கலப் பட்டயத்திலேயே அவனுக்கு ஏற்கெனவே இருக்கும் மனைவியோடு சட்டப்படியான மண உரிமை உண்டு என்று பொறித்துத் தந்தார்கள். கி.பி. 140 வரை, பணியில் இருந்தபோது பிறந்த பிள்ளைகளுக்கும் சேர்த்தே குடியுரிமை. மனைவியே இருக்கக் கூடாது என்றால் அந்த வரி எதற்கு?

கோட்டை ஆண்களுக்கு, பேட்டை மற்றவர்களுக்கு என்று மதிலை வைத்து நாம்தான் கோடு கிழித்திருக்கிறோம். செருப்புகள் அந்த எல்லையை மதிக்கவில்லை.

ஆகஸ்ட் 8, பிற்பகல்

அப்புறம், வெட்டெரா பற்றிச் சொன்னதும் தவறு. படாவியர் இடிக்கவில்லை. ரோமானியப் படைத் தலைவர்களே இடித்தார்கள். கலகக்காரர்கள் வந்தால் அந்த வீடுகள் அவர்களுக்கு மறைப்பாகிவிடும் என்று முன்கூட்டியே தரைமட்டம் ஆக்கினார்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் இதை எழுதும்போது நீண்டகால அமைதியில் எழும்பியவை என்று அந்தக் கட்டடங்களைச் சொல்கிறார். எனக்கு அந்த இடம் மனதை என்னவோ செய்தது. பேட்டைக்காரன் வாழ்நாளெல்லாம் எந்தப் படைக்கு ரொட்டியும் செருப்பும் விற்றானோ, அந்தப் படையே வந்து வீட்டை இடிக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தக் கலகம் முடிந்து முப்பது வருஷத்தில் விண்டோலாண்டாக் கோட்டையில் காவலுக்கு இருந்தது ஒன்பதாம் படாவியர் பிரிவு. அதே இனத்து ஆட்கள். அவர்களில் சிலருடைய அப்பன்மார் வெட்டெராவை முற்றுகையிட்ட கூட்டத்தில் இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 11

இந்தக் கோட்டைகளுக்கு நம்மூர் மிளகு போனதா என்று கேட்டவருக்குச் சின்னக் குறிப்பு: ஆமாம், மிளகு உண்டு. விண்டோலாண்டாவில் 1973 முதல் கிடைத்துவரும் மெல்லிய மரச் சீவல்களில் மையால் எழுதிய கணக்குகள் இருக்கின்றன. ஒன்றில் படைவீரர்களின் பற்று வரவு. துண்டு, கொழுப்பு என்று போகும் பட்டியலில் டாப்போ மகன் காம்பாக்ஸ் பெயருக்கு நேரே மிளகு, 2 டெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு). மிளகு அந்தக் குளிரில் விளையாது. நம் மேற்குக் கரையிலிருந்துதான் போயிருக்க வேண்டும். யவனர் கலம் முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறது அகநானூறு. கறி என்றால் மிளகு. அது பெயர்ந்து போய்ச் சேர்ந்த கடைசி இடங்களில் ஒன்று இந்தச் சேற்றுக் கோட்டை.

ஆகஸ்ட் 19

மிளகு என்றதும் எல்லோரும் வந்துவிட்டீர்கள். வியாபாரிகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும்.

ஆக்டேவியஸ் என்பவன் கேண்டிடஸ் என்பவனுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. சுமார் 5,000 மோடியஸ் (தானியம் அளக்கும் ரோமானிய அளவு) தானியக் கதிர் வாங்கியிருக்கிறேன், கையில் காசு இல்லை, 500 டெனாரியஸாவது அனுப்பு, இல்லையென்றால் நான் கொடுத்த முன்பணமும் போய்விடும், மானமும் போய்விடும் என்கிறான். கேட்டரிக் என்ற ஊரில் தோல்கள் கிடக்கின்றன, போய் எடுத்து வந்திருப்பேன், ஆனால் பாதை மோசமாக இருக்கும்போது மாடுகளை வதைக்க மனமில்லை என்கிறான். மொத்த வியாபாரம் செய்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் இந்தக் கடிதத்தின் பதற்றம் உடனே புரியும். என் மாமா அரிசி மண்டி வைத்திருந்தார். மாதக் கடைசியில் அவருடைய தொலைபேசிப் பேச்சு அச்சு அசல் இதேதான். ஆக்டேவியஸ் படையைச் சேர்ந்தவனா, தனி வியாபாரியா என்று ஆய்வாளர்களுக்குள் இரண்டு கருத்து உண்டு.

என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. ஒரு தானியக் கணக்கு. இன்னாருக்கு இவ்வளவு கோதுமை, மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பாவுக்கு இவ்வளவு என்று குடும்பமாகச் செய்யும் தொழில். அந்தக் கணக்கின் பின்பக்கத்தில், அதே கையெழுத்தில், ஒரு முறையீட்டின் நகல். எழுதியவனை யாரோ பிரம்பால் அடித்திருக்கிறார்கள். அவனுடைய சரக்கு கொட்டிப் பாழாகியிருக்கிறது. மேலதிகாரிகளிடம் போயும் பலனில்லை. ‘உமது மாட்சிமை’ என்று மிகப் பெரிய இடத்தில் இருக்கும் ஒருவரை விளித்து முறையிடுகிறான். குற்றமற்றவன் நான், கடல் கடந்து வந்தவன், என்னை ரத்தம் வர அடித்தார்களே என்கிறான். பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122-இல் பிரிட்டனுக்கு வந்தார். அவருக்கு எழுதியதாக இருக்கலாம் என்கிறார்கள்.

கடல் கடந்து வந்தவன் என்பதை அவன் ஏன் சொல்கிறான் என்று இரண்டு நாள் யோசித்தேன். உள்ளூர்க்காரனை அடித்தால் கேள்வி இல்லை, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்பதுதான் அதற்குள் இருக்கும் பொருள் என்று எனக்குப் படுகிறது. அதே ஓலைக் குவியலில் வேறொரு குறிப்பு பிரிட்டானியரை ‘பிரிட்டன்குலி’ என்கிறது. குட்டிப் பிரிட்டானியப் பயல்கள் என்ற மாதிரி, ஏளனமாக. பேட்டையில் எல்லோரும் சமம் என்று நான் இதுவரை எழுதியதிலிருந்து யாராவது எடுத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆகஸ்ட் 21

ஓலை என்று எழுதிவிட்டேன். மரச் சீவல். பழக்கதோஷம்.

ஆகஸ்ட் 30

இழையைத் தொடங்கியவர் ஹவுஸ்டெட்ஸ் கொலை வீட்டைக் காட்டி, பார்த்தீர்களா, ரவுடிகளின் இடம்தான் என்று எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. நானும் அங்கே போயிருக்கிறேன். ஹவுஸ்டெட்ஸ், ஹேட்ரியன் சுவரின்மேலேயே அமைந்த கோட்டை. தெற்கு வாசலுக்கு வெளியே பேட்டை வீடுகள். 1930-களில் தோண்டியபோது ஒரு வீட்டின் பின்னறைக் களிமண் தரைக்கு அடியில் இரண்டு எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒருவரின் விலா எலும்புகளுக்கு நடுவே கத்தி முனை. ரோமானியச் சட்டப்படி ஊருக்குள் பிணத்தைப் புதைக்கக் கூடாது. அப்படியிருக்க வீட்டுத் தரையைப் பெயர்த்துப் புதைத்து மேலே புதுத் தரை போட்டிருக்கிறார்கள் என்றால் மறைக்கத்தான்.

சரி, கொலை நடந்தது. ஆனால் 2010-இல் விண்டோலாண்டாவில் கிடைத்ததையும் பாருங்கள். ஏறத்தாழ எட்டிலிருந்து பத்து வயதுக் குழந்தையின் எலும்புக்கூடு, அறையின் தரைக்கு அடியில் ஒரு குழியில். மூன்றாம் நூற்றாண்டு நடுவில் புதைத்தது. பல்லைச் சோதித்ததில் அந்தக் குழந்தை மத்தியத் தரைக்கடல் பகுதியில் வளர்ந்தது என்று தெரிந்தது. அந்த அறை எங்கே இருந்தது? பேட்டையில் இல்லை. கோட்டைக்குள், படைவீரர் தங்கிய கட்டடத்தில். ஒரு வீட்டுத் தரையை வைத்துப் பேட்டை முழுவதையும் எடைபோட்டால், இந்தக் குழியை வைத்துக் கோட்டையை என்ன சொல்வது?

இதை எழுதும்போது கோபம் வருகிறது. அந்தக் குழந்தையை யாரும் தேடியதாக ஒரு வரிகூட எங்கும் இல்லை.

செப்டம்பர் 11

இன்று கிளாடியா செவெராவின் பிறந்தநாள். பக்கத்துக் கோட்டைத் தலைவரின் மனைவி. கி.பி. 100 வாக்கில், விண்டோலாண்டாத் தளபதி செரியாலிஸின் மனைவி லெபிடினாவுக்கு அழைப்பு அனுப்பினாள்: செப்டம்பர் 11 அன்று என் பிறந்தநாள், நீ வந்தால்தான் எனக்குச் சந்தோஷம். கடிதத்தை எழுதியவர் எழுத்தர். அடியில் கோணல்மாணலாக, தன் கையாலேயே, உன்னை எதிர்பார்ப்பேன் சகோதரி, போய்வா என் உயிரே என்று சேர்த்திருக்கிறாள். பெண் கையால் எழுதிய லத்தீன் வரிகளில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றுள் இது ஒன்று.

இவர்கள் அதிகாரிகளின் வீட்டுப் பெண்கள். பேட்டைப் பெண்கள் யாரும் எழுதியது கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி வேறு வழியில்தான் தேட வேண்டும்.

செப்டம்பர் 24

அந்த வேறு வழி என் வீட்டிலிருந்து மெட்ரோ ரயிலில் போகிற தூரத்தில் இருக்கிறது. சவுத் ஷீல்ட்ஸ். டைன் ஆறு கடலில் சேரும் இடத்துக் கோட்டை, பெயர் அர்பெயா. 1878-இல் கிடைத்த ரெஜினாவின் கல்லறைக் கல் அங்கே இருக்கிறது. நேற்று ஒரு மணி நேரம் அதன் முன்னாலேயே நின்றேன்.

பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் நூற்கும் கோலும் தக்கிளியும். இடப்பக்கம் கூடை நிறையக் கம்பளி உருண்டைகள். வலக்கை ஒரு நகைப்பெட்டியைத் திறந்து பிடித்திருக்கிறது. முகம் உடைந்துபோயிருக்கிறது. கீழே லத்தீனில்: ரெஜினா, விடுதலை பெற்றவள், மனைவி, கட்டுவெல்லானி இனத்தவள், வயது 30. வைத்தவன் பராதெஸ், பல்மைராக்காரன். சிரியாப் பாலைவனத்திலிருந்து வந்தவன் தெற்குப் பிரிட்டனில் பிறந்த அடிமைப் பெண்ணை விடுவித்து மணந்து, வடக்கே இந்தக் குளிர்க்கரையில் குடித்தனம் நடத்தியிருக்கிறான்.

லத்தீன் வரிகளில் வேற்றுமை உருபுகள் தடுமாறுகின்றன. அதற்குக் கீழே அவனுடைய சொந்த பல்மைரா எழுத்தில் ஒரே வரி, தடையில்லாமல் ஓடுகிறது: ரெஜினா, பராதெஸின் விடுதலை பெற்றவள், ஐயோ. அந்த ஊரில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஊருக்காக லத்தீனில் எழுதியவன், தனக்காக ஒரு வரியைத் தாய்மொழியில் வெட்டச் சொல்லியிருக்கிறான். வெளியூரில் இருபது வருஷமாக ஆங்கிலத்திலேயே வேலை செய்து, துக்கம் வந்தால் தமிழில் அழுகிற எனக்கு இது விளங்கவே செய்கிறது.

பக்கத்தில் கார்பிரிட்ஜில் அவனுடைய கல்லறையும் இருக்கிறது. 68 வயதில் இறந்தான், கொடி சம்பந்தப்பட்ட வேலை.

செப்டம்பர் 26

இரண்டு திருத்தங்கள்.

கார்பிரிட்ஜ் கல்லில் பெயரின் தொடக்கம் சிதைந்திருக்கிறது. பல்மைராக்காரன் என்பது நிச்சயம், பெயரின் மிச்சமும் ஒத்துப்போகிறது. அதே ஆளா, அதே ஊரிலிருந்து வந்த வேறொருவனா என்று முடிவாகச் சொல்ல முடியாது. ‘அவனுடைய கல்லறை’ என்று எழுதியது என் ஆசை.

இரண்டாவது, ஒரு தோழி எழுதிக் கேட்டது. ரெஜினாவுக்கு வேண்டாம் என்று சொல்ல வழி இருந்ததா? யோசித்தேன். இல்லை. அவளை வாங்கியவன் அவன். விடுதலை கொடுத்தவனும் அவன். அவனுடைய துக்கம் கல்லில் இருக்கிறது, அவளுடைய பேச்சு எங்கும் இல்லை. நான் எழுதியதை அழிக்கவில்லை, ஆனால் காதல் கதை மாதிரி எழுதியிருக்கக் கூடாது.

அக்டோபர் 15

கோட்டை போனால் பேட்டையும் போகும் என்ற முதல் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். இதைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

பல இடங்களில் பேட்டை போகவே இல்லை. மைன்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க், வியன்னா, புடாபெஸ்ட், பெல்கிரேட் எல்லாம் லீஜியன் முகாம்களைச் சுற்றி வேர் பிடித்த ஊர்கள். ஸ்பெயினில் லெயோன் என்ற நகரத்தின் பெயரே லீஜியனிலிருந்து வந்தது. படை போய் ஆயிரத்தைந்நூறு வருஷம் ஆகிறது. ஊர் இருக்கிறது.

விண்டோலாண்டாவிலோ எதிர்மாறு. மூன்றாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பேட்டை காலியாகிவிட்டது. கோட்டை அதற்குப் பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது. ஹவுஸ்டெட்ஸிலும் மற்றப் பல சுவர்க் கோட்டைகளிலும் இதே கதைதான். முதலில் போனது ஊர், கோட்டை இல்லை. படைப்பிரிவுகள் சிறுத்தன. சம்பளத்தில் காசின் பங்கு குறைந்து தானியமும் துணியுமாகக் கொடுப்பது கூடியது. கையில் காசு புழங்காத சிப்பாயை நம்பி எவன் கடை வைப்பான்?

நாலாம் நூற்றாண்டில் வியாபாரம் முழுக்க நின்றுவிடவும் இல்லை. நியூகாசில் கோட்டையில், மதிலுக்கு உள்ளே, தெருவில் சிதறிய சில்லறைக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. கார்லைலிலும் அப்படியே. கோட்டைக்குள்ளேயே சந்தை கூடியிருக்க வேண்டும் என்பது பலர் கருத்து. நியூகாசில் ரோமானியக் கோட்டை இருந்த இடத்தின் மேல்தான் பிற்காலக் கோட்டையின் கோபுரம் நிற்கிறது. ரயில் பாதை அதை ஒட்டியே ஓடுகிறது. தினமும் காலை 7.40 வண்டியில் நான் அந்த இடத்தைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். இத்தனை நாள் இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வலப்பக்கம் மாறிவிட்டேன்.